இரு நிறத்தில் ஒளிர்ந்த செல்லை நம்ப மறுத்தவருக்கு

மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி, ஒரு காலில் செருப்பும் மறுகாலில் வெறுமையுமாய், வழிமறித்த காவலரை "தள்ளுங்க தம்பி" என்ற இரண்டே சொல்லில் தாண்டி, விருந்தினர் நிறைந்த அரங்கின் பின்கதவை முழங்கையால் திறந்து, மேடையில் ஒலிவாங்கியின் முன் வாய் திறந்து நின்ற எங்கள் ஆய்வாளரின் முதல் சொல் வெளிவருமுன் சுவரோரம் குனிந்து, புரொஜெக்டரின் வயரை வேரோடு பிடுங்குவதுபோல் பிடுங்கிய வீராங்கனையே,

இருண்டுபோன திரையை விட்டு அரங்கமே உங்கள் பக்கம் திரும்ப, மூச்சிரைக்க, முகம் வியர்க்க, "ஒரு நிமிஷம்" என்று மட்டும் சொன்ன மாண்புடையீர், மூக்கெனும் முடிச்சை முப்பது ஆண்டுகளுக்கு மேல் முனைப்போடு அவிழ்த்த முதல்வியே, நுண்ணோக்கிக்கு நேர்மையையும் நேர்மைக்கு நுண்ணோக்கியையும் துணை சேர்த்த தூயவரே, நுகர்வியல் ஆய்வுக்கூடத்தின் நிரந்தர நிறுத்தக் குறியே, வணக்கம்.

பணி நிறைவு பெறுகிறவருக்கு வாசிக்கும் மடலில் சேர்ந்த ஆண்டு, பெற்ற விருது, வகித்த பதவி எல்லாம் வரிசையாக வர வேண்டும் என்பது மரபு. அவை உங்கள் அறைச் சுவரில் சட்டம் போட்டு ஏற்கெனவே தொங்குகின்றன. இந்த மடலையும் அங்கேதான் மாட்டப் போகிறீர்கள். ஆகவே அங்கே தொங்காத ஒன்றை மட்டும் இங்கே வாசிக்க அனுமதியுங்கள். வயரைப் பிடுங்கிய அந்தக் காலையில், மேடையில் அறிவிக்கவிருந்த ஆய்வு முடிவு தவறென்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? ஓராண்டுக்கு மேலாக இதைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். நீங்கள் பதில் சொல்லாமல் நழுவிக்கொண்டே இருந்தீர்கள்.

இந்தக் கூடத்தில் உங்கள் பெயரை யாரும் சொன்னதில்லை. 'ஒருநிமிஷம் மேடம்' என்றால்தான் வாசல் காவலருக்கே தெரியும். சாயக் குப்பியைச் சாய்க்கும் கை மேல் ஒரு நிமிஷம். அச்சுக்குப் போகும் கட்டுரை மேல் ஒரு நிமிஷம். கல்யாணத்துக்கு லீவு கேட்டு வந்த நுண்ணோக்கிக்காரரிடமும், "ஒரு நிமிஷம், நல்லா யோசிச்சீங்களா?" அவர் யோசித்து விட்டுத்தான் கட்டிக்கொண்டார். மனைவி இதோ இரண்டாவது வரிசையில் இருக்கிறார். இன்றுவரை உங்களை மன்னிக்கவில்லை.

மன்னிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வாசனையை ஆராயும் இடத்தில் வாசனை கூடாது என்பது உங்கள் சட்டம். சென்ட் கிடையாது, பவுடர் கிடையாது, மணக்கும் சோப்பு கிடையாது, தலைக்குப் பூ கிடையாது. டீ குடிக்க வேண்டுமென்றால் கட்டடத்துக்கு வெளியே, காற்றுக்கு எதிர்த்திசையில். புதுமாப்பிள்ளையாய் வந்தவரைக்கூட வாசலில் நிறுத்தி முகர்ந்து பார்த்து, திருப்பி அனுப்பிக் குளிக்கச் சொன்னவர் நீங்கள். அந்தச் சட்டத்தைச் சொல்லிச் சிரிப்பதற்காக இங்கே சொல்லவில்லை. எங்கள் பெரிய தவறு அதிலிருந்துதான் முளைத்தது.

வந்திருக்கும் குடும்பத்தாருக்காக ஒரு விளக்கம். பள்ளிப் பிள்ளைகள் இங்கே வந்தால் நீங்கள் சொல்வதையே திருடிச் சொல்கிறோம்.

மூக்கின் உள்கூரையில் தபால்தலை அகலத்துக்கு ஒரு மெல்லிய படலம். அதில் லட்சக்கணக்கில் நரம்பு செல்கள். வாசனையைப் பிடிக்கும் ஏற்பி ஒவ்வொன்றையும் செய்ய ஒரு மரபணு உண்டு. மனிதருக்கு அப்படி ஏறத்தாழ நானூறு, எலிக்கு ஆயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அந்த முழுத் தொகுப்பும் இருக்கிறது. ஆனாலும் ஒரு செல் அதில் ஒன்றே ஒன்றைத்தான் திறக்கும். அந்த ஒன்றிலும் அப்பா தந்த பிரதி, அம்மா தந்த பிரதி என்ற இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் திறக்கும்.

"ஒரு தெரு பூரா கடைன்னு வெச்சுக்குங்க," என்பீர்கள் பிள்ளைகளிடம். "எல்லாக் கடைக்கும் ஷட்டரை இறக்கி, பூட்டு போட்டு, சங்கிலியும் சுத்தியாச்சு. ஒரு ஆள் தூக்க முடியாது. வேற வேற தெருவுலேர்ந்து ஆளுங்க வந்து, கும்பலா சேர்ந்து, ஏதோ ஒரு கடை முன்னாடி நின்னு தூக்கினாத்தான் திறக்கும். திறந்து சரக்கு வெளிய வர ஆரம்பிச்சதும் உள்ளேர்ந்து ஒரு சத்தம். போதும், இனிமே வேற ஷட்டர் பக்கம் போகாதேன்னு."

"அந்தக் கடை காலியா இருந்தா மிஸ்?" என்று ஒரு வாண்டு கேட்டது.

"காலிக் கடையில சத்தம் ஏது? கும்பல் அதை விட்டுட்டு அடுத்த கடைக்குப் போயிரும். கெட்டுப்போன மரபணுவை எடுத்த செல்லு அப்படித்தான் மறுபடி தேடும். சின்ன செல்லா இருக்கும்போதும் நாலஞ்சு ஷட்டரை லேசாத் தூக்கித் தூக்கிப் பாக்கும். வளர்ந்தப்புறம் ஒண்ணுதான்."

வளர்ந்தால் ஒன்றுதான். உலகம் முழுதும் ஒத்துக்கொண்ட இந்த ஒரு வரியைத்தான் எங்கள் ஆய்வாளர், எந்நேரமும் வெந்நீர் சுமந்து திரிவதால் 'பிளாஸ்க்' என்று நாங்கள் அழைக்கும் அந்தப் பெண், உடைத்தார். ஓர் ஏற்பிக்குச் சிவப்பு, இன்னொன்றுக்குப் பச்சை என்று சாயமிட்ட எலி மூக்கின் சீவல்களில், ஒரே செல் இரு நிறத்திலும் ஒளிர்ந்தது. ஒரு செல் அல்ல, ஏராளம். வளர்ந்த எலிகள். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த எலிகளிலும் அதே காட்சி. நுண்ணோக்கிக்காரர் பார்த்தார். நீங்களும் பார்த்தீர்கள். உங்கள் 'ஒரு நிமிஷம்' பல வாரம் நீண்டு, கடைசியில் "சரி" என்றீர்கள்.

அந்தச் 'சரி'யின் மேல் பிளாஸ்கின் வாழ்க்கை நின்றது. ஆறு ஆண்டு உழைப்பு, முடியப் போகும் ஒப்பந்தம், இன்னும் கைக்கு வராத பட்டம். அந்த முடிவு உண்மையென்றால் அவர் பெயர் பாடப்புத்தகத்தில் ஏறும். பொய்யென்று பிறகு தெரிந்தால் எந்த ஆய்வுக்கூடமும் அவரை உள்ளே விடாது. அறிவிப்பு நாளன்று வெளியூர் விஞ்ஞானிகள் வந்து அமர்ந்த பிறகுதான் உங்கள் கை அந்த வயரைப் பிடுங்கியது.

நடைவழியில் நடந்ததை நாங்கள் எல்லோரும் கதவிடுக்கில் நின்று கேட்டோம். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறோம்.

"நேத்து வரைக்கும் சரின்னீங்க மேடம். இன்னைக்குக் காலையில என்ன ஆச்சு?" பிளாஸ்க் மேடையிலிருந்து நேராக வந்து கேட்டார்.

"அந்த எலிங்களோட மூக்கு நல்லா இருக்கான்னு நாம பாக்கவே இல்ல."

"ஆறு வருஷமாப் பாக்கலையா? இன்னைக்குத்தான் தோணுச்சா?"

அதற்குள் இயக்குநர் வந்துவிட்டார்.

"எல்லாரும் டீ குடிச்சு முடிக்கப் போறாங்க. அவங்ககிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

"கரண்ட் போயிருச்சுன்னு சொல்லுங்க சார்."

"தலைக்கு மேல ஃபேன் சுத்துதேம்மா."

"அப்ப எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு சொல்லுங்க. அதையும் நம்புவாங்க."

அவர் அதைத்தான் சொன்னார் என்று நினைக்கிறோம். வந்தவர்கள் உங்களைப் பார்த்த பார்வை அப்படி இருந்தது. பிளாஸ்க் உங்களை ஏறெடுத்துப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

அன்று பிற்பகலே துப்புத் துலக்கல் தொடங்கியது. சாயத்தைச் சந்தேகித்தோம். சாயம் சுத்தம். நுண்ணோக்கியைச் சந்தேகித்தோம். நுண்ணோக்கிக்காரர் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. நீங்கள் எதையும் சந்தேகிக்காமல் உறைபெட்டிக்குப் போய், எலிகளைப் புது அறைக்கு மாற்றுவதற்கு முன் எடுத்து வைத்திருந்த பழைய சீவல்களைக் கேட்டீர்கள். சாயமிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு செல்லிலும் ஒரே நிறம். சிவப்பு தனி, பச்சை தனி.

ஆக, குற்றவாளி புது அறையில் இருந்தார். ஒப்பிட வைத்திருந்த எலிகளும் அதே அறையில் வாழ்ந்ததால் அவையும் அதே பொய்யைச் சொல்லியிருக்கின்றன. வேறு எந்த ஆய்வுக்கூடத்திலும் நடக்காத தவறு ஒன்று அங்கே நடந்திருந்தது. கூடத்துக்குச் சாமான் வாங்கிப் போடும் ஸ்டோர் அண்ணனை அழைத்தீர்கள். புது அறையின் தரையைத் துடைக்க எந்தத் திரவம் வாங்கினார் என்று கேட்டீர்கள்.

அண்ணன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். "பழசு ஒரே நெடி மேடம். நீங்கதான வாசனையே கூடாதும்பீங்க? நாலு கடை ஏறி இறங்கி, துளிகூட வாசனை இல்லாததா பார்த்து வாங்கினேன். திறந்து மோந்து பாருங்க, தண்ணி மாதிரி இருக்கும்."

தண்ணீர் மாதிரிதான் இருந்தது. வாசனை இல்லை. ஆவி இருந்தது. ஜன்னலில்லாத அறையில் அந்த ஆவி எலிகளின் மூக்குப் படலத்தை ஓசையில்லாமல் எரித்திருந்தது. பழைய செல்கள் அழிந்து, அடியிலிருந்து ஒரே சமயத்தில் புதிய செல்கள் முளைத்திருந்தன. எலி வளர்ந்த எலிதான். அதன் மூக்கில் இருந்தவை நேற்றுப் பிறந்த பிஞ்சுகள். எந்த ஷட்டர் என்று இன்னும் முடிவெடுக்காமல் இரண்டு மூன்றைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவற்றைத்தான் நாங்கள் புரட்சி என்று எண்ணி விருந்தினரை அழைத்திருந்தோம். நெடியுள்ள திரவமாக இருந்திருந்தால் முதல் நாளே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்போம். வாசனைக்கு இவ்வளவு பயந்தவர்கள் நாங்கள் மட்டும் என்பதால் இந்தத் தவறும் எங்களுக்கு மட்டுமே வாய்த்தது.

அண்ணன் முகம் வெளிறி நின்றார். விசாரணை வந்தது. "கேட்டது நான், வாங்கினது அவர். எழுதறதுன்னா என் பேரை எழுதுங்க" என்று இயக்குநரிடம் சொன்னீர்கள். அண்ணன் இன்றும் ஸ்டோரில்தான் இருக்கிறார். இந்த மேடைத் துணிக்கும் அவர்தான் பொறுப்பு. துணியில் சோப்பு வாசனை இல்லை என்பதை உறுதி செய்துவிட்டோம்.

தவறைக் கண்டுபிடித்ததோடு நீங்கள் நிற்கவில்லை. பிளாஸ்கின் மேசைக்குப் போய், அழுது வீங்கிய அந்த முகத்தின் முன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள்.

"நீ பாத்தது பொய் இல்லம்மா. நாம அதுக்கு வெச்ச பேருதான் பொய். காயம்பட்ட மூக்கு மறுபடி எப்படி முடிவெடுக்குதுன்னு இவ்வளவு கிட்டத்துல யாரு பாத்திருக்கா?"

"ஒப்பந்தம் முடியப் போகுது மேடம். எனக்கு யாரு டைம் குடுப்பா?"

"அதை நான் பாத்துக்கறேன். நீ எலியப் பாரு."

இயக்குநரின் அறைக்கு நீங்கள் எத்தனை முறை ஏறினீர்கள் என்று அவருடைய உதவியாளருக்குத்தான் தெரியும். நீட்டிப்பு கிடைத்தது. எலிகள் நல்ல காற்றுக்கு மாறின. வாரத்துக்கு வாரம் சீவல்களில் ஒளியில் கலந்து மஞ்சளாய்த் தெரிந்த சிவப்பும் பச்சையும் பிரிந்தன. தடுமாறிய செல்கள் ஒவ்வொன்றாய் ஒரு கடையைத் திறந்து மற்றதைப் பூட்டின. உடைக்கப் போன விதி தன்னைத் தானே மறுபடி எழுதிக்கொள்வதைப் பிளாஸ்க் பார்த்தார். நாங்கள் மூச்சு விட்டோம்.

பட்டக் குழு விடவில்லை. எலிக்குச் சரி, மனிதருக்கும் இப்படித்தானா என்றது. மூக்கு இப்படி எரிந்த ஒரு மனிதரை எங்கே தேடுவது? எங்களில் எவருக்கும் பாதிப்பில்லை. எலி அறைக்கு முகக்கவசம் போடாமல் போனதில்லை. பிளாஸ்க் மீண்டும் பெட்டி கட்ட ஆரம்பித்தார். அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவின் தொலைபேசி வந்தது. ஏதோ ஆவி பட்டு நுகரும் திறனை இழந்த தன்னார்வலர் ஒருவர் இருக்கிறார், உரிய அனுமதி எல்லாம் வாங்கியாயிற்று, மென்பிரஷ்ஷால் மூக்கிலிருந்து செல்களை எடுத்து மாதாமாதம் அனுப்பலாம், ஆனால் பெயர், வயது, ஆணா பெண்ணா எதுவும் கேட்கக் கூடாது.

பனிப்பெட்டிகள் வரத் தொடங்கின. முகம் தெரியாத அவருக்கு 'மூக்கார்' என்று பெயர் வைத்தோம். பெயின்ட் அடிப்பவர் என்றார் ஒருவர். பாத்திரப் பட்டறைக்காரர் என்றார் இன்னொருவர். "மூக்கார் இன்னைக்கு என்ன சொல்றாரு?" என்றபடிதான் பிளாஸ்க் பெட்டியைத் திறப்பார். முதல் பெட்டியில் பெரும்பாலும் பிஞ்சுச் செல்கள், எல்லாம் குழப்பத்தில். மூன்றாவதில் கொஞ்சம் தெளிவு. இடையில் ஒரு பெட்டியில் மறுபடி குழப்பம் கூடியிருந்தது. அன்று பிளாஸ்க் சாப்பிடவில்லை. தன் பட்டத்துக்காகவா, முகம் தெரியாத மனிதருக்காகவா என்று கேட்டோம். "தெரியலப்பா, ரெண்டும் ஒண்ணாயிருச்சு" என்றார்.

கடைசிப் பெட்டி வந்த நாளில் கூடமே நுண்ணோக்கி அறைக்குள் நெருக்கியடித்து நின்றது. ஒரு செல், ஒரு ஏற்பி. அடுத்த செல், அடுத்த ஏற்பி. பிளாஸ்க் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மூக்காருக்கு மூக்கு வந்துருச்சு" என்றார். நாங்கள் கைதட்டினோம். நீங்கள் பின்னால் நின்று ஏதோ இருமினீர்கள்.

பட்டமும் கிடைத்தது, கட்டுரையும் வெளிவந்தது. அதில் உங்கள் பெயர் மட்டும் இல்லை. அச்சுக்குப் போகுமுன் நீங்களே அடித்துவிட்டீர்கள். "இந்த முடிவுக்கும் எனக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது" என்றீர்கள். அந்த ஒரு வரி பிளாஸ்கைக் குத்தியது. மேடம் இன்னும் என்னை நம்பவில்லை என்று எங்களிடம் சொன்னார். பட்டமளிப்புப் படத்தில் அவர் சிரிக்காமல் நிற்பதற்கு அதுதான் காரணம்.

கண்டிப்பில் கணிதம், கனிவில் கவிதை, பிறர் பிழையைத் தோளில் சுமப்பதில் பெருந்தகை, தம் பெருமையைத் துடைப்பதில் பெருஞ்சுத்தக்காரர் என்றெல்லாம் உங்களை எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். அடுக்கினால் "ஒரு நிமிஷம்" என்று எழுந்துவிடுவீர்கள். ஆகவே வாழ்த்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். நாளையிலிருந்து உங்களுக்கு எதையும் நிறுத்தும் வேலை இல்லை. உடல் நலத்தோடும் ஓயாத ஆவலோடும் நெடுங்காலம் இருங்கள். விருப்பப்பட்ட சோப்பில் குளியுங்கள். வேண்டிய மட்டும் பூ வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு ஜன்னல் வழியாக வரும் வாசனை எல்லாம் நல்ல வாசனையாகவே இருக்கட்டும்.

முடிக்கும் முன் ஒரு சங்கதி. இந்த விழாவுக்கு உங்கள் கணவரை அழைக்கப் போன வாரம் நாங்கள் நான்கு பேர் உங்கள் வீட்டுக்குப் போனோம். நீங்கள் கடைக்குப் போயிருந்தீர்கள். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எங்களை உட்கார வைத்துவிட்டு, "இதுல பிளாஸ்க் யாரு?" என்று கேட்டார்.

"நான்தாங்க அங்கிள்."

"ஏம்மா, நல்லபடியா பட்டம் வாங்கிட்டியே. இனிமே என் வீட்டுக்காரி மூக்குல பிரஷ் விட மாட்டீங்கல்ல? ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாளு எரியுதுன்னு அவ என்னைத்தான் திட்டினா."

பிளாஸ்க் எங்களைத் திரும்பிப் பார்த்தார். எங்களுக்குத் தெரியும் என்று நினைத்து உங்கள் கணவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். எலிகளைப் பராமரிப்பவர் மகள் பிரசவத்துக்குப் போயிருந்த வாரங்களில், நாங்கள் வருமுன் விடியலிலேயே நீங்கள்தான் அந்தப் புது அறைக்குப் போய் அவற்றுக்குத் தண்ணீர் வைத்தீர்களாம். கவசம் போட்டால் குட்டிகள் மிரளும் என்று வெறும் முகத்தோடு போனீர்களாம். நீங்கள் வயரைப் பிடுங்கிய அந்தக் காலையில் பால் அடுப்பில் கருகி, வீடெல்லாம் நெடி ஏறி, அவர் மாடியிலிருந்து ஓடி வந்தால், நீங்கள் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பிளாஸ்கின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களாம்.

"என்னடி, தீய்ஞ்ச வாசனைகூடத் தெரியலையான்னு கேட்டேன். என்னையே பாத்தா. அப்புறம் ஓடிட்டா."

பிளாஸ்க் மெல்லக் கேட்டார். "எங்ககிட்ட ஏன் அங்கிள் சொல்லல?"

"நானும் கேட்டேனே. யாரு மூக்குன்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணு கை நடுங்கும், பாக்கறத எழுதாம எனக்கு நல்லது எதுவோ அத எழுதிரும்னா. சொந்த மூக்கைப் பத்தின கட்டுரையில நானே எப்படிக் கையெழுத்துப் போடறதுன்னும் சொன்னா."

பிளாஸ்க் எழுந்து அடுப்படிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். இன்று இந்த மடலை வாசிப்பவரும் அவர்தான். அவர் குரல் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள், மேடம். மூக்கார் நீங்கள்தான் என்று அவர் உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்வது இதுவே முதல் முறை.

உங்கள் செல்களைப் பெயர் தெரியாமல் எண்ணி, ஒவ்வொன்றும் ஒன்றில் நிலைத்தபோது நிம்மதியாய்க் கைதட்டிய,
நுகர்வியல் ஆய்வுக்கூடத்தார்